நமக்கு மருந்து, பூனைக்கு நஞ்சு

வீட்டில் வளரும் நாயோ பூனையோ நஞ்சு தின்றுவிட்டது என்றால் எலி மருந்துதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் எலி மருந்து ஆபத்தானது என்று எல்லோருக்கும் தெரியும். அதை எடுக்கும்போதே கை எச்சரிக்கையாகிவிடுகிறது. எந்த எச்சரிக்கையும் தோன்றாமல் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும் பொருள்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரை, பாயசத்துக்கு வாங்கிய உலர் திராட்சை, சாம்பார் வெங்காயம், தரை துடைக்கும் பினாயில் எல்லாம் அந்த வரிசையில் வரும். நமக்கு ஒத்துக்கொள்வது அவற்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் இவற்றை ஆபத்தற்றவையாகக் காட்டுகிறது. வீட்டு விலங்குகளைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அந்த நம்பிக்கையை விட வேண்டும்.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். நம் கல்லீரல் இந்த மருந்தின் பெரும்பகுதியை வேறொரு பொருளோடு இணைத்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடும். அந்த வேலைக்கு வேண்டிய நொதி பூனையின் உடலில் மிகக் குறைவு. அதை உருவாக்கும் மரபணு ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. வெளியேற வழியில்லாத மருந்து நச்சாக மாறிச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் பறிக்கப் போதும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவருவதிலும் இந்தக் குறைபாட்டுக்குப் பங்குண்டு. இனத்துக்கு இனம் உடல் இப்படி வேறுபடும் என்பதை இந்தியா பெரிய விலை கொடுத்தே கற்றது. மாடுகளுக்கு வலி தீர்த்த டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோனது. 2004இல் காரணம் தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது.

உணவிலும் இதே வேறுபாடுதான். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தத் தன்மை போவதில்லை. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே கரைக்கும். அது தேங்கி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால், நாயின் உடலில் இன்சுலினைப் பெருக்கெடுக்க வைத்து, ரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். இதற்கு டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று கால்நடை நச்சியலாளர்கள் அண்மை ஆண்டுகளில் கருதுகிறார்கள். புளி தின்ற நாய்களிடமும் அதே பாதிப்பைக் கண்டிருக்கிறார்கள். புளி இல்லாத நாளே இல்லாத நம் சமையலறைக்கு இது முக்கியமான செய்தி.

“எங்கள் வீட்டு நாய் காலங்காலமாகச் சாம்பார் சோறு தின்றுதானே வளர்ந்தது?” என்ற கேள்வி நியாயமானது. எந்த நஞ்சுக்கும் அளவு உண்டு. முப்பது கிலோ நாய்க்கு ஒரு கவளத்தில் இருந்த வெங்காயம் பெரிதாக எதுவும் செய்திருக்காது. மூன்று கிலோ பொமரேனியனுக்கோ பூனைக்கோ அதே கவளம் பத்து மடங்கு அளவாகிறது. தவிர, வெங்காயத்தால் வரும் ரத்தசோகை உடனே தெரியாது. சில நாள் கழித்துத்தான் சோர்வு தெரியும். அந்தச் சோர்வை நேற்றைய சாப்பாட்டோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பிழைத்த நாய்களை நினைவில் வைத்துக்கொள்கிறோம். காரணம் தெரியாமல் இறந்தவை கணக்கில் வருவதே இல்லை.

“விலங்குக்குத் தெரியாதா? ஆகாததைத் தொடாது” என்பது இன்னொரு வாதம். நாய் மெல்லாமல் விழுங்கும் பிராணி. இனிப்பு வாசனை வந்தால் உறையோடு விழுங்கும். பூனை நஞ்சைத் தின்னவே வேண்டியதில்லை: ஃபீனால் கலந்த பினாயிலால் துடைத்த ஈரத் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலே போதும். லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் படிந்தாலும் அப்படித்தான். எந்நேரமும் கண்காணிப்பது யாராலும் முடியாது. அதனால் பொருளின் இடத்தை மாற்றுவதுதான் வழி. மாத்திரைகள் மேசையிலோ கைப்பையிலோ இல்லாமல் மூடிய அலமாரிக்குள் போகட்டும். தரை காய்ந்த பிறகு பூனையை உள்ளே விடுங்கள். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி வையுங்கள். முற்றத்தில் அரளியோ செங்காந்தளோ இருந்தால் விலங்கு எட்டாதபடி வேலி கட்டுங்கள். இதனால் வீட்டையே பூட்டிவைக்க வேண்டியதில்லை. இந்தச் சில மாற்றங்களே போதும்.

இத்தனைக்கும் மீறி எதையாவது தின்றுவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புரோமாடியோலோன் வகை எலி மருந்து தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகவே நடமாடும். அதற்குள் ரத்தம் உறையும் சக்தி போய்விடும். முன்கூட்டியே வைட்டமின் கே1 கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல் புகட்டுவது தவறு, உப்பே நஞ்சாகும். மண்ணெண்ணெய், அமிலம் போன்றவை உள்ளே போயிருந்தால் வாந்தியே கூடாது. திரும்பி வரும்போது நுரையீரலையோ உணவுக்குழாயையோ புண்ணாக்கும். எதைத் தின்றது, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு, உறையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பல நஞ்சுகளுக்கு முதல் இரண்டு மணி நேரமே பொன்னான நேரம். இரவு நேரத்தில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து, அதன் எண்ணைக் கைபேசியில் பதிந்துவைப்பது ஒவ்வொரு வளர்ப்பாளரின் பொறுப்பு.