முறுக்கிய இடத்திலேயே மறுபடி

"கரண்ட் அடுப்பில் அறுந்த காயிலை முறுக்கிப் போட்டோம். நாலே நாளில் அதே இடத்தில் மறுபடி அறுந்துவிட்டது. ஏன்?" என்று கேட்டிருக்கிறார் முத்தாபுதுப்பேட்டை வாசகி ஒருவர்.

காசே செலவில்லாமல் அடுப்பைச் சரிசெய்யச் சொல்லித்தரும் வீடியோக்கள், காயில் சிவந்ததும் முடிந்துவிடுகின்றன. நாலாம் நாள் கதையை யாரும் காட்டுவதில்லை.

காயில் என்பது நிக்ரோம் கம்பி: எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வரலாறு இவ்வளவு போதும். சுவாரசியம் அந்த இருபது பங்கில் இருக்கிறது. கம்பி சூடேறியதும் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, பாலில் ஆடை படிவதுபோல மேலே மெல்லிய பொருக்காகப் படிகிறது. இரும்பின் துருவைப்போல அது எளிதில் உதிராது. கீறினாலும் சூட்டில் புதிதாகப் படிந்துகொள்ளும். தினமும் செக்கச்செவேலெனப் பழுத்தும் கம்பி பொடியாகாமல் இருப்பது இதனால்தான்.

அறுந்த முனைகளை முறுக்கும்போது அந்தக் காவலே வினையாகிறது. ஆடை படிந்த பாலை இன்னோர் ஆடை படிந்த பாலோடு ஒட்டவைத்தால் தொட்டுக்கொள்வது ஆடையும் ஆடையும்தான். பால் பாலோடு சேராது. குரோமியம் ஆக்சைடு மின்சாரத்தை எளிதில் விடாது. எங்கோ ஓரிரு புள்ளிகளில்தான் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. முனைகளை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு முறுக்கினாலும், அடுப்பு பழுத்ததும் ஆடை திரும்ப வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 230 வோல்ட்டில் 1000 வாட் காயிலின் மின்தடை சுமார் 53 ஓம். முறுக்கில் 2 ஓம் கூடினால் மொத்த மின்னோட்டம் பெரிதாகக் குறையாது. ஆனால் அந்தச் சிறு இடத்தில் மட்டும் சுமார் 35 வாட் வெப்பம் தேங்குகிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். சூடு கூடக்கூடப் பொருக்கு தடிக்கும், மின்தடை ஏறும், சூடு இன்னும் கூடும். ஒருநாள் கம்பி உருகி அறுந்துவிடும்.

அறுந்த பகுதியை வெட்டிவிட்டு மீதியை இழுத்து மாட்டுவது இன்னும் ஆபத்து. கால்வாசி நீளம் போனால் 1000 வாட் அடுப்பு 1333 வாட்டாக எரியும். காயில், ஒயர், பிளக் எல்லாமே கூடுதல் சுமை தாங்க வேண்டும்.

அதே வாட் உள்ள புதுக் காயில் ஆவடி எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். மாற்றுவதற்கு முன் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். டெர்மினல் திருகைக் கழற்றிப் பார்த்து, ஒயர் முனை கறுத்திருந்தால் செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை நறுக்கிவிட்டு இறுக்க வேண்டும். அங்கேயும் லூஸ் கான்டாக்ட் செய்வது இதே வேலையைத்தான்.