ஜன்னலுக்கு முளைத்த கொம்பு

இங்கிலாந்தில் 1696ஆம் ஆண்டு வீட்டு ஜன்னல்களுக்கு வரி போட்டார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் ஜன்னல் கூடக் கூட வரியும் கூடும். தெருவில் நின்று எண்ணினாலே கணக்கு ஏறக்குறையத் தெரிந்துவிடும் என்பது அரசுக்கு வசதி. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பல வீடுகளில் செங்கல் வைத்து ஜன்னலையே அடைத்துவிட்டார்கள். வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத வீடுகளில் நோய் மண்டுகிறது என்று மருத்துவர்கள் விடாமல் சொல்லி, கடைசியில் 1851இல் அந்த வரி ஒழிந்தது. கண்ணாடி வரி 1845லும் செங்கல் வரி 1850லும் அதற்கு முன்பே போயிருந்தன.

விக்டோரியா ராணி அரியணை ஏறியது 1837இல், மறைந்தது 1901இல். அந்த நீண்ட ஆட்சியின் ஆறே ஆண்டுகளில் வீடு கட்டுகிறவர் தலையிலிருந்து மூன்று வரிகள் இறங்கின. இன்று ‘விக்டோரிய வீடு’ என்று கொண்டாடப்படும் தோற்றத்தில் ராணியின் ரசனைக்குப் பங்கு குறைவு. வரி நீங்கியதும் ரயில் வந்ததும்தான் பெரிய காரணங்கள் என்பது என் கட்சி.

கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். பழைய முறையில், ஊதிய கண்ணாடிக் குமிழைக் கம்பி முனையில் வைத்து வேகமாகச் சுழற்றுவார்கள். அது தோசை மாதிரி வட்டமாக விரியும். நடுவில் கம்பி ஒட்டியிருந்த இடம் தடித்துப்போகும். அதைத் தள்ளிவிட்டு மீதியை வெட்டினால் சின்னச் சின்னச் சதுரங்கள்தான் தேறும். அதனால்தான் விக்டோரியாவுக்கு முந்தைய ஜன்னல்களில் ஒரு கதவுக்கு ஆறு கண்ணாடி, இடையே மெல்லிய மரச் சட்டங்கள். 1832இல் பர்மிங்ஹாம் அருகே சான்ஸ் சகோதரர்களின் ஆலை வேறு வழியைப் பிடித்தது. கண்ணாடியை நீண்ட உருளையாக ஊதி, நெடுக வெட்டி, சூளையில் விரித்துத் தட்டையாக்கினார்கள். 1851இல் லண்டனில் எழுந்த கிரிஸ்டல் பேலஸுக்கு, 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடிகள் சுமார் 3 லட்சம் அங்கிருந்துதான் போயின. வரியும் நீங்கவே, சாதாரண வீட்டு ஜன்னலுக்கும் பெரிய கண்ணாடி வந்தது.

அங்கேதான் தச்சருக்குச் சிக்கல். ஆங்கிலேயரின் ‘சாஷ்’ ஜன்னல் பக்கவாட்டில் திறப்பதில்லை. மேலும் கீழுமாக நகரும் இரண்டு கதவுகள் அதற்கு. ஒவ்வொன்றும் கயிற்றில் கட்டி, கப்பி வழியாக, நிலைக்குள் ஒளிந்திருக்கும் இரும்புக் குண்டோடு சமன் செய்யப்பட்டிருக்கும். அதனால் ஒரு கையால் தூக்கிவிடலாம். மேல் கதவைக் கொஞ்சம் இறக்கி, கீழ்க் கதவைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால், சூடான காற்று மேலே வெளியேறும், குளிர்ந்தது கீழே நுழையும். குறுக்குச் சட்டங்கள் இருந்தவரை கதவு விறைப்பாக நின்றது. அவற்றை எடுத்துவிட்டுக் கனமான ஒற்றைக் கண்ணாடியை மாட்டியதும், பாரமெல்லாம் மேல் கதவின் அடி மூலைகளில் இறங்கியது. துளையும் கழுந்துமாகச் சேர்த்த இணைப்பு, பக்கச் சட்டத்தின் நுனியிலேயே இருந்தால் மரம் பிளந்துவிடும். எனவே பக்கச் சட்டத்தை இணைப்புக்குக் கீழே ஓரிரு அங்குலம் நீட்டிவிட்டு, அந்த நீட்டலை அழகாக வளைத்துச் செதுக்கினார்கள். இதற்குப் பெயர் கொம்பு. பழைய ஜன்னலில் கொம்பு தெரிந்தால், பெரும்பாலும் அது விக்டோரியா காலத்தது அல்லது அதற்குப் பிந்தையது. இன்றைய பிளாஸ்டிக் ஜன்னல்களிலும் அழகுக்காகக் கொம்பு வைக்கிறார்கள், தாங்க வேண்டிய பாரம் எதுவும் இல்லாமலே!

லண்டனின் வரிசை வீடுகளுக்கு இரு பக்கமும் பொதுச்சுவர். வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டுமே வர முடியும். முன்னறையில் மூன்று முகமாகப் பிதுங்கி நிற்கும் ‘பே’ ஜன்னலின் முதல் பயன் அதுதான். அந்தஸ்து பிறகு வந்தது. வேல்ஸ் மலைகளின் ஸ்லேட் கூரைக்கும் வெளியூர்ச் செங்கல் சுவருக்கும் ரயிலில் வந்தன. ஜன்னல் தூண்களின் தலையில் தெரியும் இலை வேலைப்பாட்டைச் சிற்பி வந்து செதுக்கினார் என்று எண்ண வேண்டாம். அதில் பெரும்பகுதி விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கிய சரக்கு.

பாணிகள் மாறிக்கொண்டே இருந்தன. வைட் தீவில் அரச குடும்பத்துக்காக 1845 முதல் 1851 வரை கட்டிய ஆஸ்போர்ன் மாளிகையைப் பார்த்து இத்தாலிய மோகம் பரவியது. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் வெனிஸ் நகரக் கட்டடங்களைப் புகழ்ந்து 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகள் எழுதினார். அதைப் பார்த்து ஒப்பந்தக்காரர்கள் வெனிஸ் பாணிக் கூர்முனை வளைவுகளை மலிவு வீடுகளிலெல்லாம் ஒட்டவைத்தார்கள். தன் எழுத்தால் பிறந்த இந்தக் கோரங்கள் சூழ்ந்திருப்பதும் வீட்டை விட்டுப் போக ஒரு முக்கியக் காரணம் என்று 1872இல் அவரே பத்திரிகைக்கு எழுதினார். பாவம், மனிதர்! அதற்குப் பின் வந்த ‘குவீன் ஆன்’ பாணி இன்னும் வேடிக்கை. பெரிய கண்ணாடி எல்லோருக்கும் கிடைத்துவிட்டபோது, மேல் கதவில் சின்னக் கண்ணாடிகளைப் பழமையின் அழகென்று திரும்பக் கொண்டுவந்தது அது.

லண்டன் தெருக்களில் நடக்க வாய்த்தால் கூரையையும் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு அறையிலும் நிலக்கரி எரியும் கணப்பு இருந்தது. கணப்புக்கு ஒரு புகைவழி, புகைவழிக்கு ஒரு மண் குழாய். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து நிலக்கரிப் புகையை அடக்கிய பிறகும் பல வீடுகளில் குழாய்கள் அப்படியே நிற்கின்றன. எண்ணினால் உள்ளே எத்தனை கணப்பு இருந்தது என்று சொல்லிவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: புகைபோக்கி பொதுச்சுவரின் மேல் நின்றால், பாதிக் கணக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.