குறை கேட்கும் காது

"கூலி கொடுத்தால் ஆள் கிடைக்கிறான், மனசு கிடைப்பதில்லை" என்று அங்கலாய்க்காத எஜமானர் உலகத்தில் உண்டோ? பெரிய ஆலை முதலாளியிலிருந்து, பாத்திரம் தேய்க்க ஓர் ஆளை வைத்துக் கொண்டிருக்கும் இல்லத்தரசி வரையில் எல்லோரும் பாடுவது இந்த ஒரே பல்லவிதான். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று, சம்பளத்தைக் கூட்டுவது. மற்றொன்று, அபராதம் போடுவது. இரண்டாவது மருந்தை நாமும் ஒரு சமயம் பிரயோகித்துப் பார்த்தோம். அதன் பலனை ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் பதவியைத் தற்காலிகமாக வகித்து வந்தோம். அங்கே மணி அடிக்கும் சேவகர் ஒருவர் இருந்தார். கடிகாரம் தவறினாலும் அவருடைய மணி தவறாது. அதோடு நில்லாமல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். சிறுவர்கள் தொலைத்த பென்சிலைத் தேடிக் கொடுப்பார். இவையெல்லாம் அவருக்கு விதிக்கப்பட்ட வேலைகள் அல்ல. அப்பேர்ப்பட்டவர் திடீரென்று மத்தியான மணியைத் தாமதித்து அடிக்கலானார். ஒரு நாள் ஐந்து நிமிஷம். மறு நாள் பத்து நிமிஷம். நாம் காரணம் கேட்கவில்லை. ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தோம். உடனே மணி நேரத்துக்கு ஒலித்தது. நமது நிர்வாகத் திறமையை நாமே மெச்சிக் கொண்டோம்! ஆனால் செடிகள் வாடத் தொடங்கின. பென்சில்களும் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அவருடைய தாயார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மத்தியான இடைவேளையில் வீட்டுக்குப் போய்த் தாமும் இரண்டு கவளம் உண்டு, தாயாருக்குக் கஞ்சி எடுத்துக் கொண்டு ஓடி, அதை ஊட்டி விட்டுத் திரும்ப நேரம் போதவில்லை. அபராதத்துக்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? தம்முடைய சாப்பாட்டை விட்டு விட்டார்! நாம் மெச்சிக் கொண்ட மணி அந்தப் பட்டினியின் ஓசைதான். நாம் வெட்கத்துடன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் சொன்னார்: "பணம் பெரிசு இல்லை, ஸார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

இந்த ஒரு வார்த்தையின் மதிப்பை அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை பல வருஷங்கள் ஆராய்ந்து கண்டது. சிகாகோ நகரத்தை அடுத்த ஹாதார்ன் என்னும் இடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியார் டெலிபோன் கருவிகள் செய்து வந்தார்கள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்று 1924-ல் பரீட்சை தொடங்கினார்கள். வெளிச்சத்தைக் கூட்டிய இடத்தில் வேலை கூடிற்று. வேடிக்கை என்னவென்றால், கூட்டாத இடத்திலும் கூடிற்று!

1927-ல் ஐந்து பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, இடையிடையே ஓய்வு கொடுத்தும், வேலை நேரத்தைக் குறைத்தும் பார்த்தார்கள். உற்பத்தி ஏறிக் கொண்டே போயிற்று. பிறகு அந்தச் சலுகைகளை நீக்கியபோதும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஒவ்வொரு மாறுதலுக்கும் முன்னால் அந்தப் பெண்களைக் கலந்து ஆலோசித்ததும், அவர்கள் சொல்லுக்கு மதிப்பு ஏற்பட்டதும் இதற்கு முக்கிய காரணங்கள் என்று ஹார்வார்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எல்டன் மேயோ முதலிய அறிஞர்கள் கருதினார்கள்.

1928 முதல் 1930 வரையில் அதே தொழிற்சாலையில் 21,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியே பேட்டி கண்டார்கள். முதலில் கேள்விகளைத் தயாரித்துக் கொண்டு போனார்கள். தொழிலாளிகளோ கேள்வியை விட்டுத் தங்கள் மனசில் உள்ளதையே பேசினார்கள். ஆகவே கேள்விகளை மூட்டை கட்டி வைத்து விட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்பதே முறை என்று வைத்துக் கொண்டார்கள். அரை மணி நேரப் பேட்டி ஒன்றரை மணியாக நீண்டது. ஒருவர் கம்பெனிச் சாப்பாட்டைப் பற்றிக் குறை கூறினார். பின்னர், சாப்பாடு இப்போது நன்றாயிருக்கிறது என்று நன்றி தெரிவித்தார். உண்மையில் சமையலில் யாதொரு மாறுதலும் செய்யப்படவில்லை!

இதைப் படித்து விட்டு, "ஆஹா, செலவில்லாத மருந்து!" என்று எந்த முதலாளியாவது சந்தோஷப்பட்டால் அவரைச் சற்றுப் பொறுக்கும்படி கேட்டுக் கொள்கிறோம். அந்த ஐந்து பெண்களுக்கும் அவர்களுடைய சிறு குழுவின் உற்பத்தியை ஒட்டியே கூலி கணக்கிடப்பட்டது. அதுவும் வேலை கூடியதற்கு ஒரு காரணம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மேலும், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்ற காரணத்தால் 1928-ல் இரண்டு பெண்களை அந்த அறையிலிருந்து விலக்கி, வேறு இருவரை அமர்த்தினார்கள். காது கொடுப்பது கூலி கொடுப்பதற்கு ஈடு ஆகாது. கேட்ட பிறகு செய்யக் கூடியதைச் செய்யாமற் போனால், கேட்டதே ஒரு கபட நாடகமாகி விடும்.

நமது சென்னைப் பட்டணமே இதற்குச் சாட்சி. 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். திரு. வி. க.வும் பி. பி. வாடியாவும் அதற்குத் துணை நின்றார்கள். அப்போது தொழிலாளர் முறையிட்ட குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரந்தான் கிடைக்கிறது என்பது. பதறாமல் உட்கார்ந்து ஒரு பிடி சோறு உண்ண வேண்டும் என்பதைக் கணக்குப் புத்தகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? உண்பவனைக் கேட்டால் அல்லவா தெரியும்?

ஒருவனுக்குப் பதவி பெரிது. ஒருவனுக்கு அந்தி வேளையில் குழந்தையோடு இருப்பது பெரிது. மற்றொருவனுக்குத் தன் வேலையை நாலு பேர் அறிய ஒரு சொல் பாராட்டுவது பெரிது. எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்து விட்டு, பொருந்தவில்லையே என்று உடம்பைக் கோபித்து என்ன பயன்?

அந்தச் சேவகருக்கு நாம் செய்திருக்க வேண்டியது மிகச் சொற்பம். மத்தியான மணியை மட்டும் வேறொருவரை அடிக்கச் சொல்லியிருந்தால் போதும். ஒரு காசு செலவில்லை. அவருடைய தாயார் பிழைத்து வீடு திரும்பினார். அது கடவுள் கிருபை. செடிகளும் நாளடைவில் தழைத்தன. அது அவருடைய பெருந்தன்மை. நம்முடையது என்று சொல்லிக் கொள்ள அதில் ஒன்றுமில்லை. அன்று முதல், யாரையாவது கண்டிக்க நேரும்போது, "ஏன்?" என்று முதலில் கேட்டு விடுகிறோம், பதில் வரும் வரையில் காத்திருக்கிறோம்.