பக்கவாத நோயாளியும் ஒரு மிடறு நீரும்

மும்பை தாராவியில் ஒருவர் பக்கவாதத்தால் வீழ்ந்தால், உடனே வாயில் தண்ணீர் ஊற்ற முற்படுவோர் இன்றும் உளர். அன்பினால் விளையும் தீங்கு இது. விழுங்குங்கால் குரல்வளை மேலெழ, அதன் மூடி மூச்சுக்குழலின் வாயை அடைக்கின்றது. பக்கவாதம் கண்டோருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தொடக்க நாட்களில் இவ்வியக்கம் பழுதுபடுகின்றது. அந்நிலையில் விரைந்தோடும் நீர், மூடி அடைபடுமுன் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாச் சுரத்தை உண்டாக்கலாம். இருமல் இல்லையே என்று அமைதி கொள்ளலாகாது. சிலருக்கு இருமலின்றியே இறங்கிவிடும். உண்டபின் குரல் நீர்கோத்தாற்போல் கரகரத்தல் ஓர் அறிகுறியாகும். ஆகவே, அருகிலுள்ள சயான் மருத்துவமனை போன்றதொன்றுக்கு விரைந்து கொண்டுசென்று, விழுங்கும் திறன் சோதிக்கப்படும்வரை நீரோ மாத்திரையோ வாய்வழி கொடாதிருத்தல் வேண்டும். பின்னர் மருத்துவர் இசைந்தால், நிமிர்த்தி உட்காரவைத்து, கட்டியற்ற கெட்டிக் கூழைச் சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பின்னரே மறுவாய் ஊட்டலாம். நாள்தோறும் வாயைத் தூய்மை செய்வதும் மருத்துவமே. நுரையீரலைத் தாக்கும் கிருமிகளுட் பல அங்கிருந்தே செல்கின்றன.