கோலாகங்சார் குடும்பச் சுற்றுலா: ஒரு ரப்பர் மரமும் தோட்ட நினைவும்

முன்னுரை

தமிழகத்தில் இருப்பது போன்ற கோடை விடுமுறை மலேசியாவில் இல்லை. பள்ளித் தவணைகளுக்கு இடையே வரும் விடுமுறைகளே இங்குக் குடும்பங்கள் ஊர் சுற்றிப் பார்க்கும் காலமாகும். பேராக் மாநிலத்தில் அவ்வாறு நாடிச் செல்லப்படும் இடங்களுள் கோலாகங்சார் மாவட்டம் குறிப்பிடத்தக்கது. ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பேராக் ஆற்றங்கரையில் அமைந்துள்ள கோலாகங்சார் மாநிலத்தின் அரச நகராகும். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம் என்பதால் முதியோரும் சிறுவரும் சேர்ந்து செல்வதற்கு ஏற்ற பயணம் இது.

இப்பயணத்தில் தமிழ்க் குடும்பங்கள் எவற்றைக் காண்கின்றன, எதனைக் காணாமல் கடந்து செல்கின்றன என்பதையும், அவ்வாறு கடக்கும் ஒன்றைத் தமிழாசிரியர்கள் எவ்வாறு பாடமாக்கலாம் என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க முனைகிறோம்.

அரச நகரின் காட்சிகள்

கோலாகங்சாருக்கு வருவோர் முதலில் காண்பது பொன்னிறக் குவிமாடத்தையுடைய உபுடியா பள்ளிவாசல். சுல்தான் இத்ரிஸ் முர்ஷிடுல் அசாம் ஷா கட்டத் தொடங்கிய இதனை வடிவமைத்தவர், கோலாலம்பூர், ஈப்போ இரயில் நிலையங்களையும் வரைந்த ஆர்தர் பெனிசன் ஹப்பாக். இரண்டு யானைகள் சண்டையிட்டு இத்தாலியப் பளிங்குக் கற்களை மிதித்து உடைத்தமையாலும், முதலாம் உலகப் போராலும் பணி தாமதமுற்று 1917 இல் நிறைவடைந்தது. சுல்தான் இத்ரிஸ் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். யானைகளின் கதையைச் சிறுவர்கள் ஒருமுறை கேட்டால் மறப்பதில்லை.

அருகிலுள்ள கெனாங்கான் அரண்மனை 1926 இல் மரத்தாலும் பின்னிய மூங்கிற் சுவர்களாலும், ஆணி பயன்படுத்தாமல் எழுப்பப்பட்டது. 1933 இல் இஸ்கண்டாரியா அரண்மனை முடியும்வரை அது அரச குடும்பத்தின் தற்காலிக இருப்பிடமாக இருந்தது. ஆற்றின் மறுகரையில் உள்ள சாயோங், சுரைக்காய் வடிவிலான கரிய மண்குடங்களுக்குப் பெயர் பெற்றது. சுட்ட குடத்தைச் சூடு ஆறுமுன் நெல் உமியில் இடுவதால் அக்கருமை உண்டாகிறது. மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியை அறிந்த நம் பாட்டிமார்களுக்கு இக்குடத்தைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஒன்பது கன்றுகள்

இக்காட்சிகளுக்கு இடையே, மாவட்ட நில அலுவலகத்தின் அருகே ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் அதனைக் காண்பதில்லை. கண்டாலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் மலேசியத் தமிழர் வரலாற்றில் அம்மரத்திற்கு இணையான சான்று வேறொன்று இருப்பது அரிது.

1876 ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். முளைத்த கன்றுகளுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பது கோலாகங்சாரில் நடப்பட்டன. 1877 முதல் 1889 வரை பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை வளர்த்தார். அந்த ஒன்பதனுள் எஞ்சியது எனக் கருதப்படுவதே இம்மரம்.

தொடக்கத்தில் இம்மரங்கள் வெறும் சோதனைப் பயிரே. 1888 இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்திற்குக் கேடின்றி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பின்னர் மோட்டார் வாகனத் தொழில் வளர, 1910 ஐ ஒட்டி ரப்பரின் விலை பன்மடங்கு உயர்ந்தது. காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தனர். 1938 இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை இப்பெயர்ச்சி தொடர்ந்தது. நம் மாணவருள் பலரின் குடும்பம் இந்நாட்டில் இருப்பதற்கான காரணத்தை இந்த ஒன்பது கன்றுகளிலிருந்து தொடங்கிச் சொல்லலாம்.

மரத்தடியில் ஒரு பாடம்

மரத்தருகே வைக்கும் பலகை ஆண்டையும் ஆளுநரையும் சொல்லலாம். பால் வெட்டிய கையைப் பற்றிச் சொல்ல அம்மரத்தடியில் ஒரு மனிதர் வேண்டும். தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ உடன் வந்திருந்தால், மரத்தைத் தொடாமலேயே அவர் ஒரு பாடம் நடத்திவிடுவார்.

வெட்டுக்கோடு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்கிறது என்று பெயரன் கேட்கலாம். பால் செல்லும் நுண்குழாய்கள் பட்டையினுள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், அவ்வாறு வெட்டினாலே மிகுதியான குழாய்கள் அறுபடும். விடியுமுன் வெட்டியது ஏன் என்று கேட்கலாம். வெயில் ஏறுமுன் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். கத்தி சற்று ஆழ்ந்தால் பட்டையை வளர்க்கும் திசு புண்பட்டு, மீண்டும் வெட்ட இயலாத முடிச்சுகள் உண்டாகும். எழுத்தறியாதோர் எனச் சொல்லப்பட்ட நம் முன்னோர் மயிரிழை அளவில் ஆழம் அறிந்து வெட்டிய கைத்திறனாளர் என்பதைச் சிறுவர் அங்கு உணர்வர்.

மொழி நோக்கிலும் இப்பாடம் இன்றியமையாதது. நிரை, மங்கு, ஒட்டுப்பால், காண்டா வாளி, பெரட்டு, ஆயாக் கொட்டகை, கிராணி முதலிய சொற்கள் தோட்ட வாழ்வோடு பிணைந்தவை. ரப்பரைக் குறிக்கும் ‘கித்தா’ மலாய்மொழியின் ‘கெத்தா’விலிருந்து வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் மாறியும் போன நிலையில் இச்சொற்கள் முதியோர் நாவில் மட்டுமே தங்கியுள்ளன. அவர்கள் மறைந்தால் சொல்லும் மறையும். சொல் குறித்த வாழ்வும் விளங்காமற் போகும்.

பயணத்தின் மறுபாதி: சுங்கை சிப்புட்

இம்மாவட்டத்தைச் சேர்ந்த சுங்கை சிப்புட்டையும் இணைத்தாலே இப்பயணம் முழுமை பெறும். 1948 ஜூன் 16 ஆம் நாள் அங்குள்ள தோட்டங்களில் ஐரோப்பிய நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். அதனையடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ஊரடங்கு, அடையாள அட்டைச் சோதனை, முள்வேலி ஆகியவை பற்றிய நினைவுகள் பல குடும்பங்களில் இன்னும் பேசப்படுகின்றன.

1919 இல் அவ்வூரில் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்த காலத்தில், அவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்க அவர் முயன்றார். 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அவ்வாறு உருவானது. கூலியாக வந்தோர் நிலத்திற்குப் பங்குதாரராயினர் என்னும் செய்தி, துன்பக் கதையை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அவசியமானது.

முடிவுரை

சென்று கண்டவர் செல்ல இருப்பவருக்கு வழிகாட்டும் மரபைத் தமிழில் ஆற்றுப்படை நூல்கள் பேணின. தமிழாசிரியர் அப்பணியை எளிய வகையில் மேற்கொள்ளலாம். விடுமுறைக்கு முன் மாணவரிடம் நான்கு வினாக்களைக் கொடுத்தனுப்பினால் போதும்: நம் குடும்பத்தில் முதலில் இந்நாட்டிற்கு வந்தவர் யார்? எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்? அத்தோட்டம் இன்று என்னவாயிற்று? அங்கு வழங்கிய சொற்களுள் இன்று வீட்டில் வழங்காதவை எவை? விடைகளை முதியோரின் குரலிலேயே பதிவு செய்து பள்ளியில் தொகுத்து வைக்கலாம்.

அரண்மனையும் பள்ளிவாசலும் நாம் பெருமிதத்துடன் காண வேண்டிய நாட்டின் செல்வங்கள். அவற்றைக் காக்க அரசு உண்டு. தோட்ட நினைவைக் காப்போர் நம் வீடுகளில் முதுமையுற்று இருக்கின்றனர். அவர்கள் நடக்க இயலும்போதே அவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோலாகங்சாருக்குச் செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோளாகும்.