கிழிந்த ஜீன்ஸ் வீட்டிலேயே ரெடி: ஆனால் மாஸ்க் எதற்கு?

பழைய ஜீன்ஸைக் கிழித்து ஸ்டைலாக்க ஒரு பிளேடும் உப்புத்தாளும் போதும்.

எப்படி? டெனிமில் நெடுக்கு நூல் நீலம், குறுக்கு நூல் வெள்ளை. நீலச் சாயமும் நூலின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். அதனால் உப்புத்தாளால் தேய்த்தாலே வெளுத்துவிடும். கிழிசல் வேணுமா? முழங்காலில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, குறுக்காக இரண்டு வெட்டு. நடுவில் உள்ள நீல நூல்களை மட்டும் உருவுங்கள். உள்ளே துணி வைத்துத் தைத்தால் துவைக்கும்போது கிழிசல் பெருசாகாது.

மாஸ்க் ஏன்? இதே வெளுப்புக்காகத் தொழிற்சாலைகளில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். அந்தத் தூசியை சுவாசித்த துருக்கித் தொழிலாளர்கள் பலர் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயில் இறந்தார்கள். 2009-ல் அந்நாடு அதைத் தடை செய்தது. வீட்டில் தேய்ப்பதில் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனாலும் பஞ்சுத்தூசி பறக்கும். மாஸ்க் போட்டு, வெளியே உட்கார்ந்து தேயுங்கள்.