செத்த தண்ணீரும் சாகாத சொல்லும்

'செத்த தண்ணீர்' என்று யாராவது ஊருக்குப் பெயர் வைப்பார்களா? பிரான்ஸ் தேசத்தில் வைத்திருக்கிறார்கள். அந்நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, ஏக் மோர்த் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். ரோன் நதி கடலில் கலக்கு முன் கிளை கிளையாகப் பிரிந்து சோம்பிக் கிடக்கும் சதுப்பு நிலம் அது. எங்கு பார்த்தாலும் ஓடாத தண்ணீர், நாணல், கொசு. பெயர்ப் பொருத்தம் பிரமாதம்தான்!

இந்தச் சேற்றில் ஒரு ஊர் வேண்டுமென்று ஆசைப்பட்டவர் சாமானியர் அல்லர். ஒன்பதாம் லூயி மகாராஜா. ஜெருசலேமை மீட்கச் சிலுவைப் போருக்குப் புறப்பட வேண்டும், ஆனால் மத்தியதரைக் கடலோரத்தில் தமக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம் இல்லை என்பது அவருடைய குறை. பக்கத்து மார்செய் அவர் ராஜ்யத்தில் சேர்ந்ததல்ல. ஆகவே மடத்துத் துறவிகளிடமிருந்து இந்த நிலத்தைப் பெற்று, "இங்கே வந்து குடியேறுகிறவர்களுக்கு வரியில் சலுகை உண்டு" என்று 1246-இல் சாசனம் எழுதிக் கொடுத்தார். கொசுக்கடிக்குக் கூலி என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

அந்த நாளில் கடல் ஊர் வாசல் வரை வந்து, பிறகு பின்வாங்கிவிட்டது என்று சொல்வார்கள். அது சரியல்ல. அப்போதும் கப்பல்கள் காயலையும் கால்வாய்களையும் கடந்துதான் கடலை அடைந்தன.

1248 ஆகஸ்டில் லூயி இங்கிருந்து கப்பல் ஏறினார். கூடவே ராணி மார்கரீத்தும் புறப்பட்டாள். எகிப்தில் டாமியெட்டா நகரம் வசமாயிற்று. ஆனால் 1250-இல் ராஜா எதிரிகளிடம் சிறைப்பட்டார். ராணியோ நிறைமாதக் கர்ப்பிணி. அவளுக்குக் குழந்தை பிறந்த அன்றே இன்னொரு இடி விழுந்தது; நகரைக் காத்து நின்ற இத்தாலிய மாலுமிகள், சாப்பாட்டுக்கு வழியில்லை என்று கிளம்பத் தயாரானார்கள். பிள்ளை பெற்ற உடம்போடு அவர்களைக் கட்டிலருகே வரவழைத்தாள் ராணி. "நகரம் கை நழுவினால் ராஜாவை மீட்க ஈடு ஏது?" என்று வாதாடினாள். நகரிலிருந்த தானியத்தைத் தன் செலவில் வாங்கி அவர்களுக்குப் படியளந்தாள். நகரம் நின்றது, அதையும் பெரும் பணத்தையும் கொடுத்து ராஜா மீண்டார். துயரத்தில் பிறந்த பிள்ளைக்கு ழான் திரிஸ்தான் என்று பெயர். 1270-இல் லூயி மறுபடி இதே ஊரிலிருந்து கப்பலேறிய போது அந்தப் பிள்ளையும் கூடப் போனான். துனிஸ் அருகே பிணி கண்டு மகனும், சில நாட்களில் தகப்பனாரும் மாண்டார்கள்.

இன்று ஏக் மோர்த்துக்குப் போனால் முதலில் கண்ணில் படும் மதில், லூயியின் மகனும் பேரனும் கட்டியது. சுமார் 1,640 மீட்டர் நீளம். உள்ளே கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி நேர் நேரான தெருக்கள். மதிலில் ஒரு கோபுரத்துக்குப் 'பர்கண்டிக்காரர் கோபுரம்' என்று பெயர். 1421-இல் நடந்த சண்டையில் மாண்ட பகைவர்களைப் புதைக்க அவகாசமின்றி உப்புப் போட்டு அடுக்கி வைத்தார்களாம்! பாதி கதையாக இருக்கலாம். ஆனால் உப்புக்கு அங்கே பஞ்சமில்லை. மதிலுக்கு வெளியே பரந்த உப்பளங்கள். நுண்ணிய பாசியினால் பாத்தித் தண்ணீர் ரோஜா நிறமாய் மாறுவதும், பூநாரைகள் கூட்டமாய் வந்திறங்குவதும் கண்கொள்ளாக் காட்சி. 1481-இல் மார்செய் பிரான்ஸோடு சேர்ந்தது, கால்வாய்களும் தூர்ந்தன, துறைமுகம் ஓய்ந்தது. உப்பு மட்டும் ஓயவில்லை.

மதிலை ஒட்டி, லூயி கட்டிய கான்ஸ்தான்ஸ் கோபுரம் தனியே நிற்கிறது. சுவரின் கனம் ஆறு மீட்டர்! கப்பல்களுக்கு விளக்குக் காட்டிய கோபுரம் பிற்காலத்தில் சிறைச்சாலை ஆயிற்று. 1685-இல் பதினான்காம் லூயி, பிராட்டஸ்டண்டு மதத்தினருக்கு இருந்த உரிமையைப் பறித்தார். அதன் பிறகு ரகசியமாகக் கூடி ஜெபம் செய்து பிடிபட்டால் ஆண்களுக்குக் கப்பலில் துடுப்புத் தள்ளும் அடிமை வேலை. பெண்களுக்கு இந்தக் கோபுரம்.

1730-இல் இங்கே கொண்டு வரப்பட்டவள் மரீ துரான். வயது பத்தொன்பது. அவளுடைய பெரிய குற்றம், பியேர் என்ற பாதிரியாருக்குத் தங்கையாகப் பிறந்தது. அண்ணன் தலைமறைவாக ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்து வந்தார். தகப்பனாரையும், மரீக்கு நிச்சயமாகியிருந்த மாத்தியூ செர் என்பவரையும் வேறொரு கோட்டையில் அடைத்தார்கள். 1732-இல் அண்ணனைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். யாருக்காக அவளைப் பிணையாக வைத்தார்களோ அவரே போய்விட்டார். இனி விட்டுவிடலாம் அல்லவா? விடவில்லை.

வட்டமான ஒரே அறை. அம்பு எய்யும் குறுகிய துவாரங்கள்தான் ஜன்னல். குளிர்காலத்தில் காற்றும் புகையும். கோடையில் சதுப்பு நிலக் காய்ச்சல். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. இத்தனைக்கும் வெளியே போக வழி இருந்தது. "என் மதத்தை விட்டேன்" என்று சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். சிலர் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரீ சொல்லவில்லை.

அவள் செய்தது கடிதம் எழுதியதுதான். எழுதத் தெரியாத தோழிகளுக்கெல்லாம் அவளே கை. யார் யார் உள்ளே, எத்தனை வயது, எத்தனை வருஷமாக என்று கணக்கெழுதி, உதவி கேட்டு அயல்நாட்டுச் சபைகளுக்கு அனுப்பினாள். ஜெனிவாவில் வளர்ந்த அண்ணன் மகளுக்கும் எழுதினாள். அந்தக் கடிதங்களில் பல இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

கடைசியில் பிரதேச அதிகாரியான போவோ பிரபு கோபுரத்துக்கு வந்து பார்த்தார். அப்போது உள்ளே பதினான்கு பெண்கள். பார்த்தவர் மனம் பொறுக்காமல் அவர்களை விடுவிக்க முனைந்தார். 1768 ஏப்ரலில் மரீ வெளியே வந்தாள். வயது ஐம்பத்தாறு. பிறந்த வீட்டுக்கே திரும்பி, சிறைத் தோழி ஒருத்தியோடு எட்டு வருஷம் வாழ்ந்து 1776-இல் காலமானாள்.

அந்த அறையின் நடுவே கிணறு போல ஒரு துவாரம். அதைச் சுற்றியுள்ள கல்லில் யாரோ ஒரே ஒரு சொல்லைச் செதுக்கியிருக்கிறார்கள்: 'எதிர்த்து நில்'. மரீயின் கை என்பது ஊர் நம்பிக்கை, சான்று கிடையாது. பிரெஞ்சுப் பண்டிதர்கள் பார்த்தால் எழுத்துப் பிழை என்பார்கள். 'ரெஸிஸ்தே' என்பது 'ரெஜிஸ்தே' ஆகியிருக்கிறது. கோபுரத்துக்குப் போகிறவர்கள் அந்தக் கல்லை இப்போதும் பார்க்கலாம்.